கேத்திக்குக் காரில் வேண்டாம், மலை ரயிலில் போங்கள்

ஊட்டி ஏரி, தொட்டபெட்டா எல்லாம் பார்த்தாகிவிட்டது, அடுத்த தடவை நீலகிரியில் மக்கள் வாழ்கிற ஓர் ஊரைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் கேத்தியைத்தான் சொல்வேன். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாகக் காய்கறித் தோட்டம், இடையிடையே வரிசை வீடுகளோடு ஹட்டிகள், அதாவது படுகர் மக்கள் வாழ்கிற ஊர்கள். ஊருக்கென்று ஒரு ரயில் நிலையமும் உண்டு. அதனால் காரை எடுக்காதீர்கள்.

இதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஹட்டிகளுக்குள் போகிற ரோட்டில் ஒரு பஸ்ஸும் ஒரு காய்கறி லாரியும் ஒதுங்கிப் போவதே பெரும்பாடு. அங்கே காரை ஓரம் கட்டிவிட்டுப் போட்டோ எடுக்க இறங்கினால் பின்னால் கேரட் மூட்டையோடு வருகிற வண்டி நின்றுவிடும், அந்தச் சரக்கு நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும், விவசாயிக்கு அதுதான் அன்றைய கூலி. இன்னொன்று இ-பாஸ், நீலகிரிக்குள் வண்டி வர ஆன்லைனில் எடுக்கிற அனுமதி. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். 2025 கோடையில் வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள்தான் என்று வரம்பே வைத்தார்கள். ரயிலுக்கும் அரசு பஸ்ஸுக்கும் இதெல்லாம் கிடையாது.

சரி, எப்படிப் போவது? சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் காலை ஆறே காலை ஒட்டி மேட்டுப்பாளையம். கோவைக்காரர்களும் விடியற்காலையில் அதே வண்டியைப் பிடிக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 7.10க்குக் கிளம்பும். நேரம் அவ்வப்போது மாறும் என்பதால் முந்தின நாள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ரயிலுக்கு டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறக்கும், மே மாதத்துக்கெல்லாம் திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும், அதனால் தேதியை முடிவு செய்ததும் முதல் வேலை அதுதான். ஊட்டி வரை எடுக்காமல் கேத்தி வரைக்கும் எடுத்தாலும் போதும், ஆனால் அங்கே இறங்கப் போகிறோம் என்பதை மறந்து தூங்கிவிடாதீர்கள், நிற்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம்.

கல்லாறு தாண்டியதும் கவனமாகப் பாருங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் பல்லாக இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும். 12 அடி போனால் 1 அடி உயர்கிற ஏற்றம் அது. எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். பெட்டிகளின் முகப்பில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்றுகொண்டு வருவார். மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தான் என்பதால் பாறையில் வழிகிற தண்ணீர், பாலத்துக்குக் கீழே உள்ள ஓடை எல்லாம் நிதானமாகக் கண்ணில் படும். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி ஒரு டீ குடிக்கலாம், கையில் தின்பண்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை இது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மேட்டுப்பாளையம் டிக்கெட் கிடைக்கவில்லையா? திட்டத்தையே கைவிடுகிறவர்கள்தான் அதிகம், தேவையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் குன்னூர் வந்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மட்டும் ஓடுகிற பாசஞ்சர் தினமும் சில தடவை உண்டு, கவுன்ட்டரிலேயே சாதாரண டிக்கெட் வாங்கலாம். வெலிங்டன், அரவங்காடு, அடுத்தது கேத்தி. உண்மையில் எனக்கு இந்தத் துண்டுதான் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் காடு முடிந்து ஊர்கள் தொடங்குவது இங்கேதான். காயப்போட்ட துணி, பூண்டு போட்ட பாத்தி, கொல்லையில் கட்டியிருக்கிற மாடு எல்லாவற்றையும் ஜன்னலை ஒட்டியே பார்த்துக்கொண்டு போகலாம்.

பெரிய பெட்டி தூக்கிக்கொண்டு வராதீர்கள், மலை ரயில் பெட்டியில் வைக்க இடம் இருக்காது, இறங்கிய பிறகும் நடைதான். ஸ்வெட்டர், குடை, வீட்டிலிருந்து ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, பிடித்தால் அபராதம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், அப்போது குல்லாயும் தேவைப்படும்.

கேத்தியில் இறங்கியதும் பள்ளத்தாக்கை நோக்கிக் கீழே நடங்கள். தோட்டங்களில் கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பூண்டு என்று பருவத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கும். நேரம் இருந்தால் பஸ் பிடித்துக் கேத்தி பாலாடாவுக்குப் போய்க் கேரட் கழுவுகிற இடத்தைப் பாருங்கள். மண் அப்பிய கேரட்டைச் சுழலுகிற மெஷினில் கொட்டுவார்கள், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், கொஞ்ச நேரத்தில் பளபளவென்று செக்கச்செவேலென வெளியே வந்து விழும், அப்படியே மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அங்கே வேலை மும்முரமாக நடக்கும், ஓரமாக நின்று பாருங்கள், ஈரத் தரையில் வழுக்கும். ஒரு கேரட் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

ஹட்டிக்குள் போகும்போது கொஞ்சம் பக்குவமாக நடந்துகொள்ள வேண்டும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், முன்னால் இருக்கிற முற்றம் அவர்கள் புழங்குகிற இடம், சுற்றுலா இடம் இல்லை. பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு, "ஊரைப் பார்த்துட்டுப் போலாமாங்க" என்று கேளுங்கள். எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று விசாரிப்பார்கள், ரயிலில் வந்து நடந்து வருகிறோம் என்றால் பேச்சு தானாக வளரும், காப்பிகூடக் கிடைக்கும். வெள்ளைத் துண்டு போர்த்திய பாட்டிமார்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கோயில் பக்கம் போனால் செருப்பை முன்பே கழற்றிவிடுங்கள், எதுவரை போகலாம் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படுகர்கள் கும்பிடுகிற ஹெத்தையம்மனின் பண்டிகை நாட்களில் இது இன்னும் முக்கியம். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது, ரீல்ஸ் எடுக்கிறேன் என்று முட்டைக்கோஸை மிதித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

திரும்புவதற்கு ரயிலை மட்டும் நம்பாதீர்கள். கேத்தியிலிருந்து மேலே ஏறினால் எல்லநள்ளி, ஊட்டி குன்னூர் மெயின் ரோடு. அங்கே நின்றால் இரண்டு பக்கமும் பஸ் வந்துகொண்டே இருக்கும். ஹட்டிகளுக்குப் போகிற டவுன் பஸ் அப்படி இல்லை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டர் அண்ணனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு தேயிலைத் தோட்டத்துக்குள் குறுக்கு வழியில் நடக்க வேண்டாம், காட்டெருமையும் கரடியும் இறங்கி வருகிற நேரம் அது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்களுக்கு ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரயில் ரத்தாவது சகஜம். ரயில்வே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பி வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலேயே பஸ் ஏறிக் குன்னூர் போய், மேலே பாசஞ்சர் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் விசாரியுங்கள், பல தடவை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.