லாரி இன்ஜினுக்கு டேம்பர் வாங்குமுன்

டேம்பர் என்பது இன்ஜினின் முன்முனையில் மாட்டி, முறுக்கு ஆட்டத்தை அடக்கும் வட்டு. ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் "டாடா 2515 லாரிக்கு ஒரு டேம்பர்" என்று கேட்டால் மூன்று நான்கு எடுத்து மேசையில் வைப்பார்கள். எல்லாமே கருப்பு, எல்லாமே வட்டம், எல்லாவற்றிலும் நடுவில் நான்கு போல்ட் ஓட்டை. விலை மட்டும் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாது. "ஏனுங்கண்ணா, வெறும் இரும்பு வட்டுக்கா இவ்வளவு ரூபாய்?" என்று எங்கள் பட்டறையில் ஓனர்கள் கேட்காத மாதம் இல்லை.

சங்ககிரிப் பக்கம் லாரி இன்ஜின் வேலைதான் எனக்குத் தொழில். ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸின் 6பிடி இன்ஜினைத்தான் அதிகம் பிரித்திருக்கிறேன் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். லேலண்டு ஆறு சிலிண்டருக்கும் யோசிக்கும் முறை இதுதான், அளவுகள்தான் மாறும்.

6பிடி ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு, ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று சிலிண்டர் வெடிக்கும். 2000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்றில், ஓடினால் நொடிக்கு நூறு அடி. ஒவ்வொரு அடிக்கும் கிராங்க் இம்மியளவு முறுகி, திரும்ப நேராகும். பின்பக்கம் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் இருப்பதால் அந்த முனை அவ்வளவாக அசையாது. முன்முனைதான் அதிகம் ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளிலேயே உயரப் போகிறதல்லவா, அதுபோல குறிப்பிட்ட சில ஆர்பிஎம்மில் வெடிப்பின் அடியும் கிராங்கின் இயல்பான துடிப்பும் ஒத்துப்போய்விடும். அங்கேதான் கிராங்குக்கு ஆபத்து. அந்த ஆட்டத்தை வாங்கிச் சூடாக மாற்றி வெளியே விடுவதுதான் டேம்பரின் வேலை. அதில் பெல்ட் ஓடுகிறது என்றால் அது கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

டேம்பர் செத்துப்போனால் வண்டி அப்போதே நிற்காது. முன்பக்க டைமிங் கியர் சத்தம் கூடும், பெல்ட் அடிக்கடி பிய்யும், முன்பக்க போல்ட் தளரும். கவனிக்காமல் ஓட்டினால் ஒருநாள் கிராங்க் உடையும். முறுகி முறுகிக் களைத்து உடைந்த கிராங்கில் உடைப்பு பெரும்பாலும் 45 டிகிரி சாய்வாகப் போயிருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தால் எண்ணெயையும் பேரிங்கையும் மட்டும் திட்டாதீர்கள், டேம்பரையும் கழற்றிப் பாருங்கள். அந்தப் பழைய டேம்பரைப் புதுக் கிராங்கில் மாட்டவே கூடாது.

சரி, வாங்குமுன் பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். 6பிடியில் வருவது ரப்பர் டேம்பர். உள்ளே கிராங்கில் மாட்டும் ஹப், வெளியே கனமான வளையம், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். ஹப்பிலும் வளையத்திலும் நேருக்கு நேராக ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்த இரண்டு கோடும் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் வளையம் நழுவிவிட்டது, மாற்றியாக வேண்டும். ரப்பர் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தாலும், இரும்பின் மட்டத்திலிருந்து 3 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தாலும், வளையம் முன்னே தள்ளி வந்திருந்தாலும் அதே கதைதான். சில வண்டிகளில் தடியாகப் பெயின்ட் அடித்துக் கோட்டையே மறைத்திருப்பார்கள். சுரண்டிவிட்டுப் பாருங்கள்.

இனி கடை. வண்டி மாடலைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரே 2515 என்ற பெயரில் வெவ்வேறு வருட வண்டிகள் ஓடுகின்றன, இன்ஜின் மாற்றிய வண்டிகளும் உண்டு. இன்ஜின் பிளேட்டில் இருக்கும் சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு போய், அதற்குரிய பார்ட் நம்பரைக் கேளுங்கள். ஏன் இவ்வளவு கறார் என்றால், ரப்பர் டேம்பர் என்பது ஒரு குறிப்பிட்ட கிராங்கின் ஒரு குறிப்பிட்ட துடிப்புக்காகச் செய்தது. வளையத்தின் எடையும் ரப்பரின் விறைப்பும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஓட்டை பொருந்துகிறது, பெல்ட் நேராக ஓடுகிறது என்பதற்காக வேறு இன்ஜினின் டேம்பரை மாட்டினால், வண்டி ஓடும், கிராங்குக்குக் காவல் இருக்காது.

பழைய டேம்பரைக் கையோடு எடுத்துப் போங்கள். வெளிவிட்டம், தடிமன், பெல்ட் பள்ளம் இருந்தால் அதன் எண்ணிக்கை, ஹப்பின் ஆழம், எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு தராசில் வையுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. டூப்ளிகேட்காரர் மிச்சம் பிடிப்பது இரும்பிலும் ரப்பரிலும்தான். எடை கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோடு வெட்டாத டேம்பரையும் நான் வாங்குவதில்லை. பிறகு நழுவினால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? ரப்பரில் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள், வெடிப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அட்டையில் அச்சிட்ட தேதி பல வருடம் பழசாக இருந்தால், ஒரிஜினலே ஆனாலும் வேறு கேளுங்கள். ரப்பர் அலமாரியில் சும்மா கிடந்தாலும் கிழடாகும்.

பாடி உடைக்கும் இடத்தில் கிடைக்கும் பழைய டேம்பர் வேண்டாம். ரப்பரை மட்டும் புதிதாக ஊற்றித் தருகிறோம், லேத்தில் பேலன்ஸ் பார்த்துத் தருகிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள். பேலன்ஸ் வேறு, முறுக்கு ஆட்டத்தை அடக்குவது வேறு. ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜின் இயல்பிலேயே பேலன்ஸ் ஆனது. டேம்பர் சமமாகச் சுற்றினாலும் உள்ளே ரப்பரின் விறைப்பு தப்பாக இருந்தால் அது வெறும் புல்லிதான். ஜெனரல் மோட்டார்ஸின் டுராமேக்ஸ் வி8 மாதிரி இன்ஜின்களில் பேலன்ஸின் ஒரு பங்கு டேம்பரிலேயே இருக்கும். அங்கே இன்னும் பார்த்து வாங்க வேண்டும். நம்ம ஊர் லாரிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

அப்புறம் விஸ்கஸ் டேம்பர். மூடிய இரும்புக் கூட்டுக்குள் கனமான வளையம் ஒன்று கெட்டியான சிலிக்கான் எண்ணெயில் மிதக்கும். கிராங்க் ஆடும்போது கூடு ஆடும், வளையம் ஒரே வேகத்தில் போகப் பார்க்கும், நடுவில் எண்ணெய் இழுபட்டு ஆட்டத்தைத் தின்றுவிடும். ஒரு துடிப்புக்கு மட்டும் என்றில்லாமல் பரவலான ஆர்பிஎம்மில் இது வேலை செய்யும். இதே 5.9 கம்மின்ஸ் அமெரிக்காவில் 1989 முதல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது. அங்கே டீசலையும் டர்போவையும் ஏற்றி, வேகத்தையும் கூட்டி ஓட்டுபவர்கள் ஃபுளூயிடாம்பர் போன்ற விஸ்கஸ் டேம்பரை மாட்டுவதற்குக் காரணம் இதுதான். சக்தியும் ஆர்பிஎம்மும் மாறினால் கம்பெனி ரப்பர் போட்ட கணக்கு தப்பிவிடும்.

நம் லாரிக்கு அது தேவையா? டீசல் பம்ப் செட்டிங்கில் கை வைக்காத, கம்பெனி சொன்ன ஆர்பிஎம்முக்குள் ஓடும் லோடு வண்டிக்குத் தேவையில்லை என்பது என் முடிவு. ஒரிஜினல் ரப்பரே போதும், மிச்சப் பணத்தில் நல்ல ஆயில் ஊற்றுங்கள். திருச்செங்கோடு போர்வெல் ரிக் போல இன்ஜினை கம்ப்ரஸரோடு இணைத்து நாளெல்லாம் ஒரே வேகத்தில் ஓட்டுபவர்கள் கதை வேறு. கம்ப்ரஸரும் கப்ளிங்கும் சேர்ந்ததும் துடிப்புக் கணக்கே மாறுகிறது. அங்கே டேம்பரை மெக்கானிக் தேர்ந்தெடுக்கக் கூடாது, நான் உட்பட. செட் செய்து கொடுத்த கம்பெனியிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

விஸ்கஸ்தான் என்று முடிவு செய்தால், அது பொதுவாகத் தடிமன் கூடியது. ஃபேனுக்கும் சேஸிஸ் குறுக்குச் சட்டத்துக்கும் இடம் போதுமா, பெல்ட் கோடு நேராக வருமா, நீளமான போல்ட் கூடவே தருகிறார்களா என்று கேளுங்கள். கிராங்க் சென்சார் உள்ள புது இன்ஜின் என்றால் அந்த சென்சார் பார்க்கும் பல் வளையம் அப்படியே பொருந்த வேண்டும். கூட்டில் சின்ன நசுங்கல் இருந்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இடைவெளி மிகக் குறைவு, நசுங்கினால் வளையம் பிடித்துக்கொள்ளும். கீழே போட்டதை, சுத்தியல் பட்டதைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். நான்கு இடத்தில் தடிமன் அளந்தால் கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. ஓடி ஓடிப் பழசானால் உள்ளே எண்ணெய் கெட்டியாகிக் கல்லாகிவிடும்; அதற்கு ரிப்பேர் கிடையாது. நல்ல விஸ்கஸ் டேம்பர் லோடில் ஓடியபின் சுற்றியிருக்கும் இரும்பைவிடச் சூடாக இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு வெப்பமானித் துப்பாக்கியால் பாருங்கள், கையை வைக்காதீர்கள்.

டேம்பர் வாங்கும்போதே முன் ஆயில் சீலையும் வாங்கிவிடுங்கள். சீல் ஒழுகினால் ஆயில் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். நான்கு போல்டும் புதிது போடுவது நல்லது. கிராங்க் முனையைத் துடைத்து, பழைய பெயின்ட், துரு எதுவும் நடுவில் சிக்காமல் பாருங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ஏர் கன்னால் அடித்துவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கம் எங்கள் தொழிலில் அதிகம். பில்லில் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். முதல் லோடு போய் வந்ததும் கோடும் போல்டும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதன்பின் ஆயில் மாற்றும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.