ஒரே ராத்திரியில் வெந்த ரொட்டியா செயற்கை நுண்ணறிவு?

ஒரு மாய பேக்கரி. ஓவனுக்கு நெருப்பு ஊதுவது ஒரு டிராகன். சூனியக்காரி கையை அசைத்ததும் மாவு ரொட்டியாக எழுந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு எப்படி வந்தது என்று கேட்டால் பலர் மனதில் ஓடுவது கிட்டத்தட்ட இந்தப் படம்தான். பேக்கரி இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கும் பிடித்திருக்கிறது. அதற்குள் நாம் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களை மட்டும் பார்க்கலாம்.

முதல் தவறு, எல்லாம் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியோடு பிறந்தது என்று நினைப்பது. அன்று ரொட்டி கடை ஜன்னலுக்கு வந்தது, அவ்வளவுதான். மாவு பிசைய ஆரம்பித்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெயரே ஜான் மெக்கார்த்தியும் இன்னும் மூவரும் 1955இல் எழுதிய திட்ட வரைவில்தான் வந்தது. மறுவருடக் கோடையில் டார்ட்மத் கல்லூரியில் கூடிப் பேசினார்கள். அப்புறம் 1958இல் ஃபிராங்க் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான்: உதாரணங்களைப் பார்த்துத் தன் எடைகளை, அதாவது எந்தத் தகவலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று சொல்லும் எண்களை, தானே திருத்திக்கொள்ளும் அமைப்பு. நம் பேக்கரியில் அதுதான் யீஸ்ட். ஒற்றை அடுக்கு பெர்செப்ட்ரானால் என்னென்ன முடியாது என்று 1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1973இல் பிரிட்டனில், இந்தத் துறை சொன்னதைச் செய்துகாட்டவில்லை என்று குறைசொன்ன லைட்ஹில் அறிக்கை வந்தது, அங்கே ஆராய்ச்சிப் பணம் சுருங்கியது. அந்த மந்தமான வருடங்களுக்குத்தான் பனிக்காலம் என்று பெயர்.

அந்தப் பனிக்காலத்தை வீணான வருடங்கள் என்று தாண்டிப்போவது அடுத்த தவறு. ரொட்டி சுட்டவர்களுக்குத் தெரியும், குளிர்ந்த இடத்தில் வைத்த மாவில் யீஸ்ட் செத்துப்போவதில்லை, மெதுவாக வேலை செய்கிறது. சுவை ஏறுவதும் அப்போதுதான். 1986இல் ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும், விடையில் வந்த பிழையைப் பின்னோக்கி அனுப்பிப் பெர்செப்ட்ரான் மாதிரியானவற்றை அடுக்கடுக்காகக் கோத்த வலைகளைப் பழக்கும் முறையைப் பரவலாக்கினார்கள். அப்போதும் பொங்கவில்லை. தரவு போதவில்லை, கணினிக்கு வேகமும் போதவில்லை. இரண்டும் கூடி வந்தது 2012இல். இமேஜ்நெட் என்ற, பெயர் குறித்து வைத்த படத் தொகுப்பின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள், வீடியோ கேமுக்காகச் செய்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள், ஐந்தாறு நாள் பயிற்சி. படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் அலெக்ஸ்நெட் வெந்தது. டிராகன் என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்தக் கார்டுகள்தான்!

எல்லாமே ஒரே மாவில் செய்த பலகாரம் என்று நினைப்பதும் உண்டு. 1997இல் சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ, நொடிக்குச் சுமார் 20 கோடி காய் நிலைகளை அலசித் தேடிய இயந்திரம். இன்றைய அரட்டைக் கருவிகளுக்கு அது தாத்தா முறைகூட ஆகாது, ஒன்றுவிட்ட பெரியப்பா என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஓவனுக்குள் பூதம் உட்கார்ந்திருக்கிறது என்ற நம்பிக்கை இன்னும் பழையது. 1770இல் வான் கெம்பலன் காட்டிய சதுரங்கம் ஆடும் பொம்மைக்குள் நிஜமாகவே ஒரு ஆள் ஒளிந்திருந்தார், அதனால் அந்தச் சந்தேகம் அன்று நியாயமானது. 1966இல் வந்த எலிசா என்ற அரட்டை நிரலுக்குள் யாரும் இல்லை. பேசுபவர் சொன்னதையே கொஞ்சம் திருப்பிக் கேள்வியாக்கும் விதிகள்தான் இருந்தன. ஆனாலும் அதை உருவாக்கிய வைசன்பாமின் செயலாளர், அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரையே அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்.

கடைசியாக ஒன்று, தினமும் நடப்பது. உள்ளே ஒரு சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது, அதைப் புரட்டித்தான் பதில் சொல்கிறது என்ற எண்ணம். 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற வலை அமைப்பின்மேல் எழுந்து, சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகளுக்குள் இருப்பவை கோடிக்கணக்கான எண்கள். சில வரிகள் அப்படியே மனப்பாடமாகத் தங்கிவிடுவது உண்டு. மற்றபடி, அடுத்து எந்தச் சொல் துண்டு வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்தே வாக்கியம் வளர்கிறது. பீனிக்ஸ் பறவையின் முட்டையில் கேக் செய்வது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். 180 டிகிரி, 35 நிமிடம் என்று சுத்தமாக எழுதித் தரும். சாம்பலிலிருந்து பிறக்கும் பறவை எதற்கு முட்டையிடப் போகிறது என்று நாம்தான் கேட்க வேண்டும். சரி, அது விளையாட்டு. நாளைக்கு நிஜ கேக்குக்கு அளவு கேட்டாலும் இதே சரளம்தான். பேக்கிங் சோடா தேக்கரண்டியா மேசைக்கரண்டியா என்று ருசித்துப் பார்க்க அதற்கு நாக்கு கிடையாது.