கழுத்துப்பட்டையைக் கழற்றுவதற்கு முன்: செட்டிநாட்டில் நாயை அவிழ்த்துவிட்டுப் பழக்கும் முறை

சங்கிலியில் கட்டியே வளர்த்த நாய் முதல் முறையாகத் திறந்த வெளியில் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? காது இரண்டும் பின்னால் படிய, செம்மண் தெறிக்க வட்டமடித்து ஓடும். அந்தச் சந்தோஷம் எல்லா நாய்க்கும் கிடைக்க வேண்டும். ஆனால் அவிழ்த்துவிடுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை, முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979-இல் ஓலோனி நாய்ப் பூங்கா தொடங்கியது. நாய்களை அவிழ்த்துவிடுவதற்கென்றே வேலி போட்டு ஒதுக்கிய இடம் அது. இத்தகைய பூங்காக்களின் வாசலில் பெரும்பாலும் இரண்டு கதவுகள் இருக்கும். முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். நம் ஊரில் வீட்டுத் தோட்டத்தையோ பொட்டலையோ பயன்படுத்தினாலும் இந்த ஒரு பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: ஊசி

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். பார்வோ, டிஸ்டம்பர், எலிக்காய்ச்சல் ஆகிய தொற்றுநோய்களுக்கான ஊசிகளும் முடியும்வரை மற்ற நாய்கள் புழங்கும் இடத்துக்குக் குட்டியைக் கொண்டுபோகாதீர்கள். இதில் சமரசமே வேண்டாம்.

படி 2: இடத்தைக் காலால் நடந்து பாருங்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் நின்றால் வளவும் (நடுமுற்றப் பகுதி) அடுத்தடுத்த கட்டுகளும் தாண்டிப் பின்வாசல்வரை நேராகத் தெரியும். காற்று வருவதற்காக வைத்த அமைப்பு அது. தோட்டத்தில் நாயை அவிழ்த்துவிட்டு, யாரோ பின்வாசலைத் திறந்து வைத்திருந்தால், அடுத்த நொடி அது அடுத்த தெருவில் நிற்கும். ஆகவே முதலில் எல்லா வாசலையும் சாத்துங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுச் சாத்துங்கள்.

அடுத்தது கிணறு. தோட்டத்துப் பழைய கிணறுகளின் கைப்பிடிச் சுவர் சில இடங்களில் முழங்கால் உயரம்தான் இருக்கிறது. அணிலைத் துரத்தும் நாய்க்கு அது ஒரு தாண்டல். கம்பி வலை போட்டு மூடாத கிணறு இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

பொட்டலில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் உடைந்த பாட்டிலும் கிடக்கும். செருப்பில்லாமல் நீங்கள் நடக்கத் தயங்கும் இடத்தில் நாயை ஓடவிடாதீர்கள். கல் குவியலும் புதரும் விரியன் தங்கும் இடங்கள். நாயைப் பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் கூடாது. நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஊருணிப் பக்கம் போகவே வேண்டாம். அது ஊர் குடிக்கும் தண்ணீர்.

படி 3: கூப்பிட்டால் வர வேண்டும்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். எனக்கு மூன்று மாதம் ஆனது.

நாள் முழுதும் வீட்டில் புழங்காத ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், அல்லது விசில். அந்தச் சத்தம் கேட்டதும் வந்தால் அவித்த கோழித் துண்டு. முதலில் வீட்டுக்குள், பிறகு தோட்டத்தில், பிறகு பத்து மீட்டர் கயிற்றில் கட்டிப் பொட்டலில். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், நாய் பாய்ந்தால் உள்ளங்கை அறுந்துவிடும். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்குத் தலை ஒடுங்கியிருக்கும். கழுத்துப்பட்டை நழுவிக் காது வழியாக வெளியே வந்துவிடும்.

கூப்பிட்டதும் வந்த நாயை ஒருபோதும் திட்டாதீர்கள், எவ்வளவு நேரம் கழித்து வந்திருந்தாலும். வராவிட்டால் பின்னால் ஓடாதீர்கள். எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள், அது துரத்திக்கொண்டு வரும். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறையாவது உடனே திரும்பும் நிலை வந்த பிறகுதான் கயிற்றைக் கழற்றலாம்.

நான் அவசரப்பட்டேன். காரைக்குடிக்கு வெளியே ஒரு பொட்டலில் என் சிப்பிப்பாறையை அவிழ்த்துவிட்டேன். நூறு அடி போயிருக்கும். திடீரென்று நின்றது. தலை நிமிர்ந்து, முன்னங்கால் ஒன்று மடங்கி, வால் அசைவற்று நின்றது. அந்த ஒரு நொடியில் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருக்கும். நான் வேலிக்கு அப்பால் மேய்ந்த ஆடுகளைப் பார்ப்பதற்குள் அது பாய்ந்துவிட்டது. பிறகு என் குரல் அதன் காதில் ஏறவே இல்லை. மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கம்பை ஓங்கவில்லை, "சினை ஆடு தம்பி, ஓடினால் குட்டி விழுந்துவிடும்" என்று மட்டும் சொன்னார். ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கமில்லை.

இவை கண்ணால் பார்த்து வேட்டையாடும் இனங்கள். ஓடுகிற பொருளைத் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் இவற்றை அவிழ்த்துவிடவே வேண்டாம் என்பது இப்போது என் முடிவு. மயில் திரியும் இடம் என்றால் எந்த இனமானாலும் கயிறு அவசியம்.

படி 4: வெயில்

காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் ஆபத்து. மூச்சு இரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பிறகு மருத்துவர்.

படி 5: மற்ற நாய்களும் மனிதர்களும்

முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட்டுக்கு அழைப்பு. உடல் விறைத்து, முடி சிலிர்த்து, கண் கொட்டாமல் பார்த்தால் உடனே பிரியுங்கள். உணவும் பந்தும் அங்கே வேண்டாம். சண்டைகள் பல அவற்றால்தான் மூளுகின்றன. சண்டை மூண்டால் நடுவில் கை விடாதீர்கள். தண்ணீரை வீசுங்கள். அடங்காவிட்டால் இரண்டு உரிமையாளர்களும் ஒரே நேரத்தில் நாய்களின் பின்னங்கால்களைப் பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும்.

விருந்தாளிகளாக வரும் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள்: நாய் ஓடிவந்தால் ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில், கண்ணைப் பார்க்காதே. விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்கும், கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கும் உங்கள் நாயின் குணம் தெரியாது. "ஒன்றும் செய்யாது" என்று தூரத்திலிருந்து கத்துவது போதாது. கோயிலுக்குப் போகும் ஆச்சி பயந்து விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். ஆள் தெரிந்ததுமே கூப்பிட்டுக் கயிற்றை மாட்டுங்கள். நாயை அஜாக்கிரதையாக விட்டு ஆபத்து ஏற்படுத்துவது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

யாரையாவது கடித்துவிட்டால், ஊசி போட்ட நாயே ஆனாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துப் போங்கள். தசையில் போடும் முறையில் முதல் நாளைச் சுழியம் என்று கணக்கிட்டு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஊசி. ஒன்றையும் தவறவிடக் கூடாது.

படி 6: திரும்பக் கட்டுவது

விளையாட்டு முடியும்போது மட்டும் கயிற்றை மாட்டினால், கயிற்றைக் கண்டதும் நாய் தள்ளி நிற்கும். நடுநடுவே கூப்பிட்டு, மாட்டி, ஒரு துண்டு கோழி கொடுத்து, மறுபடி அவிழ்த்துவிடுங்கள். ஒரு காலையில் ஐந்தாறு முறை செய்தாலும் தகும்.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் உட்காரவைத்து, காதின் உள்மடிப்பிலும் விரல்களுக்கு இடையிலும் உண்ணி இருக்கிறதா, பாதத்தில் முள் ஏறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். என் நாய் இப்போது நான் கேட்பதற்கு முன்பே வலது முன்னங்காலை நீட்டுகிறது.