புது ஃபின் வாங்குவதற்கு முன் பழையதை நகர்த்திப் பாருங்கள்

சென்னைக்குத் தெற்கே இசிஆரில் இருக்கிற கோவளத்தில், அலையில் சறுக்குகிற சர்ஃபிங் போர்டுகளை ரிப்பேர் செய்வது என் தொழில். சனிக்கிழமை காலை ஓஎம்ஆர் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் உடைந்த போர்டைக் கொடுக்கும்போதே போனில் ஒரு படத்தையும் காட்டுவார்கள். போர்டின் அடியில் வால் பக்கம் மீன் துடுப்பு மாதிரி நிற்கிற ஃபின்னின் படம்: கார்பன் ஃபின், தேன்கூடு ஃபின், யாரோ ஒரு சாம்பியன் பெயர் போட்ட ஃபின். "அண்ணா, இதை வாங்கலாமா?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இப்போ இருக்கிற ஃபின்னை பாக்ஸில் எங்கே வெச்சிருக்கீங்க?" பெரும்பாலும் பதில் வராது. கடையில் மாட்டிக் கொடுத்த இடத்திலேயே அது இருக்கும். நீளமான போர்டான லாங்போர்டின் அடியில் பாக்ஸ் என்று பத்து அங்குலத்துக்கு ஒரு நீளப் பள்ளம் வெட்டி வைத்திருப்பது ஃபின்னை முன்னும் பின்னும் தள்ளத்தான். அதைத் தொட்டே பார்க்காமல் இன்னொரு ஃபின்னுக்குப் பணம் கொடுப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஃபின்னைச் சுக்கான் மாதிரி நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. சுக்கானை நாம் திருப்புகிறோம், ஃபின் அசையாமல் நிற்கிறது. பாய் கட்டி ஓடிய கட்டுமரங்களில் பக்கவாட்டில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். அது இல்லையென்றால் காற்று மரத்தைப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு போய்விடும். ஃபின் செய்வது அந்தப் பலகையின் வேலை. போர்டு பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் பின்காலை அழுத்தி உடம்பைச் சாய்க்கும்போது, அது ஊன்றி நிற்கிற இடத்தைச் சுற்றிப் போர்டு திரும்புகிறது. 1935-ல் ஹவாயில் அமெரிக்க சர்ஃபர் டாம் பிளேக் ஒரு படகின் கீலை, அதாவது அடியில் நீண்டிருக்கிற தகட்டைக் கழற்றித் தன் போர்டின் அடியில் பொருத்திப் பார்க்கும்வரை, காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் போர்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்தே மற்றதெல்லாம் வந்துவிடும். ஃபின்னை வால் பக்கம் தள்ளினால் போர்டு நேராகப் போகும், பிடிப்பு அதிகம், திருப்ப வலு வேண்டும். மூக்குப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திரும்பும், ஆனால் செங்குத்தான அலையில் வால் நழுவும்.

முதலில் மாட்டும் விதம். லாங்போர்டில் தனியாக ஒன்றாக மாட்டுகிற சிங்கிள் ஃபின்னின் அடிப்பாகத்தில் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், முன்னால் ஸ்க்ரூவுக்கு ஒரு ஓட்டை. ஸ்க்ரூ ஏறுவதற்கு ஒரு சின்ன உலோகத் தகடு தனியாக வரும். இந்தத் தகட்டை வெறுங்கையால் பள்ளத்துக்குள் போட்டால் அது குறுக்காக விழுந்து மணலோடு சிக்கிக்கொள்ளும். ஸ்க்ரூவை அதில் இரண்டு சுற்று ஏற்றி, ஸ்க்ரூவையே கைப்பிடியாக வைத்துப் பள்ளத்தின் நடுவில் இருக்கிற அகலமான வாய் வழியாக இறக்குங்கள். முன்பக்கம் தள்ளிவிட்டு ஸ்க்ரூவை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஃபின்னைச் சாய்த்து, கம்பியை அதே வாயில் விட்டு, வால் பக்கம் இழுத்து, முன்பாகத்தை அழுத்தி உட்கார வையுங்கள். ஓட்டைக்கு நேர்கீழே தகட்டைக் கொண்டுவந்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். கையில் தடை தெரிந்த பிறகு கால் சுற்று போதும். பலத்தைக் காட்டினால் பாக்ஸ் விரிசல் விடும், அப்புறம் என்னிடம்தான் வரவேண்டும். அடிப்பாகம் ஆடினால் ஃபின்னின் பக்கத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டி மாட்டுங்கள். ஆடுகிற ஃபின் பாக்ஸைத் தின்றுவிடும்.

எந்த அளவு ஃபின்? போர்டு எத்தனை அடியோ ஃபின் அத்தனை அங்குலம் என்பது பழைய கணக்கு. ஒன்பதடி லாங்போர்டுக்கு ஒன்பது அங்குலம். அறுபது கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரை அங்குலம், சில சமயம் ஒரு அங்குலம்கூடக் குறைக்கலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஃபின் சேர்த்து மாட்டுகிற போர்டு என்றால், நடு ஃபின்னை ஆறரை, ஏழு அங்குலத்துக்கு இறக்கிவிடுங்கள். ஒன்பது அங்குல நடு ஃபின்னோடு பக்க ஃபின்களையும் வைத்துக்கொண்டு "போர்டு திரும்பவே மாட்டேங்குது" என்று வருகிறவர்கள் நிறைய. எப்படித் திரும்பும்?

வடிவத்தில் கவனிக்க வேண்டியது சாய்வு. நட்டுக்குத்தாக நிற்கிற அகலமான ஃபின், நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பும். மூக்கு வரை நடந்துபோய் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்கு வாலைப் பிடித்துக்கொடுப்பதும் அதுதான். பின்னால் சாய்ந்த ஃபின் நீளமான, நிதானமான வளைவுகளுக்கு. அமெரிக்க சர்ஃபர் ஜார்ஜ் கிரீனோ 1960-களில் மீன்களின் வாலைப் பார்த்துச் செய்த மாதிரி அடி அகன்று நுனி மெலிந்து வளைகிற ஃபின்கள் இந்த வகை. வளைவை விட்டு வெளியே வரும்போது லேசாக ஒரு உந்தல் கொடுக்கும். அலை கரையோரமாக உடைந்துகொண்டே போகிற எங்கள் பாயிண்டில் தெற்கிலிருந்து அலை வரும் மாதங்களில் வலப்பக்கமாக நீண்டு உடைகிற இடுப்பளவு அலைக்கு நான் சொல்வது, ஓரளவு சாய்ந்த, எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிற ஃபைபர்கிளாஸ் ஃபின். கார்பன் வேண்டாம். அந்த விறைப்பைப் பயன்படுத்த வேகம் வேண்டும், நம் சாதாரண நாளில் அந்த வேகம் கிடையாது.

இனி நகர்த்தும் வேலை. சின்ன அலை இருக்கிற, காற்று எழாத காலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரும் பென்சிலும் போதும். ஃபின்னைப் பாக்ஸின் நடுவில் வைத்து, அதன் அடியில் பின்னோரம் எங்கே முடிகிறதோ அதற்கு நேராகப் பாக்ஸின் விளிம்பில் ஒரு கோடு போடுங்கள், அதுதான் உங்கள் நடு. அதில் சில அலை பிடியுங்கள். அப்புறம் கரைக்கு வந்து ஃபின்னை முழுக்க வால் பக்கம் தள்ளுங்கள். போர்டு தண்டவாளத்தில் போவது மாதிரி இருக்கும், திருப்ப வேண்டுமென்றால் பின்காலை நன்றாகப் பின்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும். மறுபடி வந்து முழுக்க முன்னால் தள்ளுங்கள். இப்போது பின்காலை ஓரடி முன்னால் வைத்தாலும் திரும்பும். அலையின் முகத்தில் குறுக்கே போகும்போது வால் கீழே சறுக்கப் பார்ப்பதும் தெரியும். சிலர் அரை அங்குலம் அரை அங்குலமாகத்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு கோடியையும் உடம்பு உணர்ந்த பிறகுதான் அரை அங்குல வித்தியாசம் காலுக்குப் புரியும்.

அதற்குப் பிறகு அரை அங்குலம், கடைசியில் கால் அங்குலம். நிறுத்தும் இடத்துக்கு என் அளவுகோல் இது: உங்கள் பின்கால் இயல்பாகப் போய் விழுகிற இடத்தில் இருந்தே போர்டு திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் கால் பின்னால் தேடிக்கொண்டு போனால், ஃபின்னை முன்னால் கொண்டுவாருங்கள். நீங்கள் கேட்காமலே வால் சுழன்றால் பின்னால் தள்ளுங்கள். கடைசிக் கோடி வரை தள்ளியும் வால் நழுவுகிறது என்றால், அப்போது பெரிய ஃபின்னுக்குப் பணம் கொடுக்கலாம், நியாயம். ஒரே நாளில் இடத்தையும் ஃபின்னையும் சேர்த்து மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வடகிழக்குப் பருவம் தொடங்கி அலை கலங்கி, உயரமாகிவிட்டால் இதே ஃபின்னை அரை அங்குலம் பின்னால் வைத்துக்கொண்டு போங்கள்.

ஆறடி அளவிலான குட்டைப் போர்டு, அதாவது ஷார்ட்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் என்று இரண்டு கம்பெனி பாக்ஸ்கள், எதுவாகட்டும், பாக்ஸ் எங்கே பதித்திருக்கிறதோ அங்கேதான் ஃபின். ஒன்றின் ஃபின் மற்றதில் ஏறாது, வாங்கும்போது அதைப் பாருங்கள். எஃப்சிஎஸ் ஃபின்னில் இரண்டு பல் இருக்கும், ஃப்யூச்சர்ஸில் ஒரே நீளமான பல். பழைய எஃப்சிஎஸ்ஸிலும் ஃப்யூச்சர்ஸிலும் ஆலன் கீ போட்டு இறுக்க வேண்டும். எஃப்சிஎஸ் 2 ஸ்க்ரூ இல்லாமல் அழுத்தினாலே உட்காரும்.

இங்கே தேர்வு என்பது முதலில் உடல் எடை. மூன்று ஃபின் வைக்கிற த்ரஸ்டர் பிறந்த கதையே அதுதான். 1979 முதல் 1982 வரை நான்கு முறை உலகப் பட்டம் வென்ற மார்க் ரிச்சர்ட்ஸால் எல்லோரும் இரண்டு ஃபின் போர்டுக்கு மாறியிருந்த காலம். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் ஆஜானுபாகு. அவர் அழுத்தத்துக்கு இரண்டு ஃபின் வழுக்கியது. 1980-ல் பின்னால் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார், 1981-ல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியில் பிரம்மாண்டமான அலையில் அந்தப் போர்டிலேயே ஜெயித்தார். எஃப்சிஎஸ் அட்டவணையில் 55 முதல் 70 கிலோ வரை சின்ன அளவு, 65 முதல் 80 வரை நடு அளவு, 75 முதல் 90 வரை பெரிய அளவு. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் அலையைப் பார்த்து முடிவு செய்யலாம். மெத்தென்ற அலைக்குச் சின்னது, வலுவான அலைக்குப் பெரியது. இன்னும் நின்று பழகுகிறவர் என்றால் கேள்வியே இல்லை, பெரியது.

மூன்று ஃபின் மாட்டும்போது அடிக்கடி பார்க்கிற கோளாறு, இடதும் வலதும் மாறியிருப்பது. பக்க ஃபின்னின் ஒரு முகம் தட்டையாக இருக்கும், அது போர்டின் நடுக்கோட்டைப் பார்க்க வேண்டும். வளைந்த முகம் ஓரத்தை. நடு ஃபின் இரண்டு பக்கமும் வளைந்தது. சாய்வு எப்போதும் வாலை நோக்கி. போர்டு விறைப்பாக இருக்கிறது என்று தோன்றினால் மூன்றையும் மாற்ற வேண்டாம், நடு ஃபின்னை மட்டும் ஒரு அளவு சின்னதாகப் போட்டுப் பாருங்கள்.

சொந்தமாகப் போர்டு செய்து பாக்ஸ் பதிக்கிறவர்களுக்கு ஆறடிப் போர்டின் அளவுகள்: நடு ஃபின்னின் பின்னோரம் வால் நுனியில் இருந்து மூன்று அங்குலம், பக்க ஃபின்களின் பின்னோரம் சுமார் பதினொன்று. ஓரத்தில் இருந்து ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. பக்க ஃபின்னின் முன்முனை பின்முனையைவிடக் கால் அங்குலம் நடுக்கோட்டை நெருங்கியிருக்க வேண்டும், வெளிப்பக்கமாக ஐந்தாறு டிகிரி சாய வேண்டும். எல்லாவற்றையும்விட, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். பதிப்பதற்கு முன் இரண்டு முறை அளந்து, ஒரு இரவு விட்டு மறுநாள் காலையில் மூன்றாவது முறை அளப்பது என் பழக்கம்.

பராமரிப்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடலில் இருந்து வந்ததும் நல்ல தண்ணீரை ஊற்றி பாக்ஸில் இருக்கிற மணலை வெளியேற்றுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் என்று எழுதியிருந்தாலும் எங்கள் ஊர் உப்பில் ஸ்க்ரூ இறுகிப்போகும், மாதம் ஒருமுறையாவது கழற்றி மாட்டுங்கள். வேகம் எடுக்கும்போது ஃபின் ஊளையிட்டால் பின்னோரம் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம், 400 எண் உப்புத்தாளை நனைத்து இழைத்தால் அடங்கும். புது ஃபைபர்கிளாஸ் ஃபின்னின் ஓரம் தோலைக் கிழிக்கிற அளவுக்குக் கூர்மையாக இருந்தால், அதே தாளால் ஒருமுறை தேய்த்து மழுக்கிவிடுங்கள். வேகத்தில் ஒன்றும் குறையாது, தொடையில் தையல் மிச்சம். குழந்தைகளுக்கு வளைகிற ரப்பர் ஓர ஃபின்தான்.

ஒரு தகடும் ஒரு ஸ்க்ரூவும் கூடுதலாக, கால் வழுக்காமல் போர்டில் தேய்க்கிற வேக்ஸ் டப்பாவிலேயே போட்டு வையுங்கள். அது விழுவது எப்போதும் மணலில், தேடிக் கிடைப்பதில்லை. காரின் மேல் கட்டிக்கொண்டு மகாபலிபுரம் பக்கம் போகிறவர்கள் போர்டைக் குப்புறப் போட்டு, ஃபின் வானத்தைப் பார்க்க, வால் முன்பக்கம் வருகிற மாதிரி வைத்து, பெல்ட்டை ஃபின்னுக்குப் பின்னால், காரின் பின்பக்கமாகப் போட்டு இறுக்குங்கள். காற்று தள்ளினாலும் போர்டு பின்னால் உருவிக்கொண்டு போகாமல் ஃபின் பெல்ட்டில் தட்டி நிற்கும்.