ஹெய்ம்டெக்ஸ்டில் போனால் ஆறு மணிக்கு மேல் என்ன செய்யலாம்?

கரூரிலிருந்து ஜனவரியில் ஹெய்ம்டெக்ஸ்டில் என்கிற வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்காக ஜெர்மனியின் பிராங்க்பர்ட் போகிற நம்மவர்கள் பலர் பார்ப்பது மூன்றே இடம்: ஏர்போர்ட், ஸ்டால், ஹோட்டல் அறை. ஆறு மணிக்கு ஹால் மூடியதும் அறைக்கு வந்து, ரெடிமிக்ஸ் உப்புமாவில் வெந்நீரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, மெயில் போட்டுப் படுத்துவிடுவார்கள். நாள் முழுக்க நின்ற கால், அலுப்பு நியாயம்தான். ஆனாலும் ஒரு சாயங்காலத்துக்கு ஒரே ஒரு இடம் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். கண்காட்சி செவ்வாய் முதல் வெள்ளி வரை. ஸ்டால் போட ஞாயிறே போய் இறங்கிவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். தண்ணீர், பிரெட் வேண்டுமென்றால் மெயின் ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள்தான் கதி. மியூசியங்கள் நேர்மாறு. ஞாயிறு திறந்திருக்கும், திங்கள் லீவு.

கண்காட்சி வாசலிலேயே யு4 மெட்ரோ நிற்கும். மூன்றாவது ஸ்டாப் டோம்/ரோமர். உங்கள் பாஸிலேயே பயணமும் சேர்த்தியா என்று பாருங்கள். இல்லையென்றால் டிக்கெட் எடுத்துவிட்டு ஏறுங்கள். கேட் எதுவும் இருக்காது, யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் செக்கர் வந்தால் 60 யூரோ அபராதம்.

டோம்/ரோமரில் இறங்கினால் மர வீடுகள் சூழ்ந்த ரோமர்பெர்க் சதுக்கம். 1944 குண்டுவீச்சில் அழிந்துபோய் மறுபடி கட்டியது என்று சொன்னால்தான் தெரியும். அங்கிருந்து ஐசர்னர் ஷ்டேக் என்ற இரும்பு நடைபாலத்தில் மைன் ஆற்றைத் தாண்டினால் சாக்ஸன்ஹவுசன். ஆப்பிள் வைன் கடைகள் அங்கேதான். நீலப் பூப்போட்ட சாம்பல் நிற ஜாடியில் கொண்டுவந்து வைப்பார்கள். நல்ல புளிப்பு, எனக்குச் சோடா கலந்தால்தான் இறங்கும். நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்துதான் உட்கார வேண்டும், கூச்சப்பட வேண்டாம். சைவக்காரர்கள் முட்டை சாப்பிடுவீர்கள் என்றால், 'க்ரூனே சோஸே' கேளுங்கள். ஏழு வகைக் கீரை, மூலிகைகளை நறுக்கித் தயிர், க்ரீமில் கலந்து, அவித்த முட்டை, உருளைக்கிழங்கோடு தருவார்கள். காரம் துளியும் இருக்காது. ஊறுகாய் பாக்கெட்டை வெளியே எடுப்பது உங்கள் விருப்பம்.

வியாழக்கிழமையை மட்டும் பையர் டின்னருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். அன்று ஷ்டேடல் மியூசியம் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் கால் தாங்காது. நேராக டச்சு ஓவியர் வெர்மியர் 1669-இல் வரைந்த 'புவியியலாளர்' படத்துக்குப் போய்விடுங்கள். குஷன் கவரைவிடக் கொஞ்சம்தான் நீளம். இடப்பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம். கையில் கவராயத்தோடு ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் துணியைத்தான் பார்ப்பேன். முன்னால் மேசைமேல் கனமான பூவேலை விரிப்பு ஒன்று சுருண்டு கிடக்கிறது. மடிப்பு விழுகிற விதத்திலேயே அதன் கனம் தெரியும்; ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்ன இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். அவர் போட்டிருக்கிற நீல அங்கியின் ஓரத்தில் ஆரஞ்சுப் பட்டை வேறு. வெர்மியரின் அப்பா பட்டு கலந்த துணி நெய்தவர். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்த விரிப்பு இன்னும் நெருங்கி வரும்.

வெளியே வந்ததும் எதிரிலேயே ஹோல்பைன் நடைபாலம். வலப்பக்கம் வங்கிக் கட்டிடங்கள் விளக்கோடு நிற்கும். ஜனவரிக் குளிர் ஆற்றுக்காற்றோடு சேர்ந்தால் காதைப் பிய்க்கும், குல்லா கட்டாயம். அப்புறம், இரவில் ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கிற தெருக்களில் போதைக்காரர்கள் நடமாட்டம் உண்டு. தனியாகச் சுற்ற வேண்டாம்.

சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட் என்றால் காலையில் க்ளைன்மார்க்ட்ஹாலே போங்கள். கூரை போட்ட சந்தை; காய், சீஸ், மசாலா எல்லாம் ஒரே இடத்தில். அந்த ஏழு கீரையையும் வெள்ளைத் தாளில் சுருட்டி அங்கேதான் விற்பார்கள். ட்சைல் கடைவீதியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், எந்த ஊரிலும் இருக்கிற அதே பிராண்டுகள்தான். சாம்பிள் பெட்டிகளை ஹோட்டல் ரிசப்ஷனில் கேட்டு விட்டுவிட்டுப் போங்கள். மெயின் ரயில் நிலையத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு எஸ்8, எஸ்9 எதில் ஏறினாலும் கால் மணி நேரம்தான்.