பத்தாண்டு வைத்துக் குடிக்க 20 யூரோ ஒயின்: வீட்டு நிலவறைக்கு முதல் 24 பாட்டில்கள்

ஒயின் பழசாகப் பழசாக ருசி கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடையில் அடுக்கியிருப்பவற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. ஓரிரண்டு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழவாசம் போய்ச் சப்பென்று ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் வைக்கத் தகுந்தவை கொஞ்சம்தான், அவற்றிலும் பேர்போனவை பாட்டில் நூற்றுக்கணக்கான யூரோ. ஆனால் அதே தாக்குப்பிடிக்கும் திறன் இருந்தும் பெயர் பரவாத ஊர்கள் உண்டு. அங்கிருந்து 12 முதல் 25 யூரோவுக்குள் நல்ல ஒயின் வாங்கலாம். இங்கே சொல்லும் விலைகள் ஐரோப்பியச் சில்லறைக் கடைகளை ஒட்டிய தோராயம். வரி அதிகமுள்ள நாடுகளில் கூடும்.

படி 1: முதலில் வெப்பமானி, பிறகு பாட்டில்

உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் பதிந்து வைக்கும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, கம்பியோடு வரும் உணரியை அதற்குள் விடுங்கள். அறைக் காற்றின் சூடு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நமக்குத் தெரிய வேண்டியது பாட்டிலுக்குள் இருக்கும் திரவத்தின் சூடு. கோடையின் உச்சத்தில் ஒரு வாரமாவது இப்படி அளங்கள்.

12 முதல் 14 டிகிரி செல்சியஸ் உத்தமம். குளிர்காலத்தில் 10, கோடையில் 18 என்று மாதக்கணக்கில் மெல்ல ஏறி இறங்கினால் பயமில்லை. பகலில் 26, இரவில் 18 என்று தினமும் ஆடினால் அந்த இடம் வேண்டாம். சூட்டில் திரவம் விரிந்து தக்கையை வெளியே தள்ளும், குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். பாட்டில் கழுத்தில் பிசுபிசுப்பாக ஒயின் கசிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் இருந்தால் தக்கை காய்ந்து சுருங்காது. வெளிச்சம், வாஷிங் மெஷின் அதிர்வு, பெயின்ட், மண்ணெண்ணெய் வாசம் எதுவும் அருகில் கூடாது.

ஐரோப்பாவில் பழைய வீடுகளின் நிலவறையோ, வடக்குப் பார்த்த அறையின் மாடிப்படி அடியோ போதும். சென்னை, கொழும்பு போன்ற ஊர்களில் ஒயின் ஃப்ரிட்ஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். சமையலறை ஃப்ரிட்ஜ் இதற்கு ஈடாகாது. 4 டிகிரி மிகையான குளிர், காற்றும் வறட்சி. ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 40 பாட்டில் பிடிக்கும் என்று எழுதியிருந்தால், அது பிரான்சின் போர்தோ பகுதியில் பயன்படும், நேரான தோள் கொண்ட பாட்டிலின் கணக்கு. ஜெர்மனியின் மோசெல் பகுதிப் பாட்டில்கள் ஒல்லியாகவும் நெட்டையாகவும் இருக்கும். சில ஃப்ரிட்ஜ்களில் அவற்றை வைத்தால் கதவு மூடாது. தட்டின் ஆழத்தை அளந்துவிட்டு வாங்குங்கள்.

படி 2: காலத்தைத் தாங்குவது எது?

மாவடு ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு உப்பும் புளிப்பும் காரணம். ஒயினைக் காப்பவை புளிப்பும், துவர்ப்பும், சிலவற்றில் இனிப்பும். துவர்ப்பைத் தருவது டானின். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. பாட்டிலுக்குள் ஆண்டுகள் போகப் போக டானினும் நிறப்பொருளும் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. கனம் கூடியவை வண்டலாக அடியில் இறங்குகின்றன. அதனால்தான் பழைய சிவப்பு ஒயின் கத்தரிப்பூ நிறம் போய்ச் செங்கல் நிறமாகிறது, துவர்ப்பும் தணிகிறது. புதுப்பழ வாசம் குறைந்து, தோல், காளான், காய்ந்த இலை, தேவதாரு மர வாசங்கள் எழுகின்றன. இந்த வாசங்கள் உங்களுக்குப் பிடிக்குமா என்று முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பழைய பாட்டிலை எங்காவது குடித்துப் பார்க்காமல் 24 பாட்டில் வாங்க வேண்டாம்.

துவர்ப்பில் இரண்டு ரகம். வாழைக்காய்த் தோலைக் கடித்தது போல் ஈறில் ஒட்டிக்கொண்டு கரகரவென்று நிற்பது பழுக்காத திராட்சையின் துவர்ப்பு. அது எத்தனை ஆண்டு ஆனாலும் முழுக்க இளகாது. கடுந்தேநீர் போல நாக்கு முழுக்கச் சீராகப் பரவி, பின்னாலேயே பழருசியும் வருவதுதான் நமக்கு வேண்டியது. தொடங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான்: இவ்வளவு துவர்க்கிறதே, நெடுநாள் தாங்கும் என்று வாங்கிவிடுவார்கள். பழம் இல்லாமல் துவர்ப்பு மட்டும் இருந்தால், பத்தாண்டு கழித்துப் பழம் செத்திருக்கும், துவர்ப்பு மிஞ்சியிருக்கும். கனமான பாட்டில், தங்க எழுத்து, 15 சதவீத ஆல்கஹால் ஆகியவற்றுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை.

படி 3: மூன்று நாள் சோதனை

ஒரே ஒரு பாட்டில் வாங்குங்கள். முதல் நாள் மாலை ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்து, வாசம், புளிப்பு, துவர்ப்பு, விழுங்கியபின் ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று எழுதிவையுங்கள். தக்கையைத் திரும்ப அடைத்து, வெள்ளையானால் ஃப்ரிட்ஜிலும், சிவப்பானால் குளிர்ந்த மூலையிலும் வையுங்கள். மறுநாள் அதே நேரம் ஒரு கிளாஸ், மூன்றாம் நாள் ஒரு கிளாஸ்.

இரண்டாம் நாளே அடிபட்ட ஆப்பிள் வாசமோ காடி நெடியோ வந்தால் மிச்சத்தைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு வாங்க வேண்டாம். முதல் நாள் இறுகிக் கிடந்தது இரண்டாம் நாள் விரிந்து, மூன்றாம் நாளும் பழம் குலையாமல் நின்றால் கடைக்குத் திரும்பப் போங்கள். மூன்று நாள் காற்றில் நடப்பதும் பத்தாண்டு பாட்டிலுக்குள் நடப்பதும் ஒன்றல்ல, ஆகவே இது ஜாதகம் ஆகாது. ஆனாலும் பலவீனமானவற்றைக் கழித்துக்கட்ட இதைவிட மலிவான வழி கிடையாது.

படி 4: எங்கே தேடுவது?

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் ஷினோன், பூர்கேய் என்ற இரண்டு ஊர்கள். இரண்டிலும் காபர்னே ஃப்ராங்க் திராட்சை. 12 முதல் 20 யூரோவுக்கு 10 ஆண்டு தாங்கும் சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் முதலில் இங்கே போங்கள். ஆனால் எல்லா ஷினோனும் ஒன்றல்ல. ஆற்றங்கரை மணலிலும் கூழாங்கல்லிலும் விளைவது இளசாகக் குடிக்க. டுஃபோ என்று அழைக்கப்படும் வெண்சுண்ணக்கல் சரிவில் விளைவதுதான் நிலவறைக்கு. ஒரே தயாரிப்பாளர் இரண்டையும் விற்பார். பின்பக்க லேபிளில் சுண்ணக்கல், சரிவு, பழைய கொடி என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள்: இது மணலா, சுண்ணக்கல்லா? விலை வித்தியாசம் பெரும்பாலும் நாலைந்து யூரோதான், ஆயுள் வித்தியாசமோ பல ஆண்டு.

அதே லுவார் ஆறு கடலில் சேரும் நாந்த் நகரப் பக்கம் விளைவது மஸ்கடே. சிப்பியோடு குடிக்கும் மலிவு வெள்ளை என்றே பெயர். ஆனால் 2011 முதல் க்ளிசோன், கோர்ழ், ல பாலே என்ற ஊர்ப்பெயர்கள் தனி அங்கீகாரம் பெற்றிருக்கின்றன. க்ளிசோனும் கோர்ழும் குறைந்தது 24 மாதம், நொதித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலின் மேல் கிடந்த பிறகே பாட்டிலுக்கு வரும். 20 யூரோவுக்குள் 10 ஆண்டு வைக்கக்கூடிய வெள்ளை ஒயின்! இதைத் தவறவிடாதீர்கள்.

போர்தோவில் 1855-இல் போடப்பட்ட தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்ற பண்ணைகளைத் தொட வேண்டாம், அங்கே பெயருக்கும் சேர்த்துக் காசு போகிறது. மெதோக், ஓ-மெதோக் பகுதிகளில் க்ரூ பூர்ஷ்வா என்ற தகுதி பெற்றவை 15 முதல் 25 யூரோ. 2018 அறுவடையிலிருந்து இதில் மூன்று படிநிலைகள் இருக்கின்றன, மேல்படிகளுக்கு ‘சுபேரியர்’, ‘எக்ஸெப்ஷனெல்’ என்று பெயர். தோர்தோன் ஆற்றின் வலக்கரையில் ஃப்ரொன்சாக், காஸ்தியோன் இரண்டும் பொமெரோல், சாந்த்-எமிலியோனுக்குப் பக்கத்து ஊர்கள், அதே மெர்லோ திராட்சை, விலை மட்டும் இறங்கி நிற்கும்.

ஜெர்மனியின் மோசெலில், ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயின்களில் லேசான கபினெட் வகை, 12 முதல் 20 யூரோ. ஆல்கஹால் 8 அல்லது 9 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் இனிப்பு மிச்சமிருக்கிறது என்று பொருள். அந்த இனிப்பும் கூரிய புளிப்பும் ஒன்றையொன்று தாங்கி, நல்ல தயாரிப்பாளரிடமிருந்து வந்தால் 15 ஆண்டுகூட ஓடும். வயதானதில் லேசாகப் பெட்ரோல் வாசம் வரும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், ரீஸ்லிங்கின் இயல்பு அது.

பொறுமை குறைந்தவர்களுக்கு ஸ்பெயினின் ரியோஹா. சிவப்பு ‘ரிசர்வா’ என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில், தயாரிப்பாளரிடமே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருப்பில் ஒரு பகுதியை அவர்களே முடித்துத் தருகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் ஹண்டர் பள்ளத்தாக்கின் செமியோன் என்ற வெள்ளை ஒயினைத் தேடுங்கள். சீக்கிரம் பறிப்பதால் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். இளசில் எலுமிச்சைச் சாறு போல் வெடுக்கென்று இருக்கும். பத்தாண்டில், பீப்பாயே காணாத அந்த ஒயினில் வாட்டிய ரொட்டி வாசமும் தேன் வாசமும் வரும்.

படி 5: அறுவடை ஆண்டு

பெரிய ஆண்டில் சிறிய பெயரை வாங்குங்கள். போர்தோவில் 2016, 2019 போன்ற ஆண்டுகளில் சாதாரணப் பண்ணைகளிலும் திராட்சை நன்றாகப் பழுத்தது. 2013 போன்ற குளிர்ந்த, ஈரமான ஆண்டில் சிறிய பண்ணையின் ஒயின் மெலிந்திருக்கும், வைப்பதில் பலனில்லை. பீப்பாயில் இருக்கும்போதே முன்பணம் கட்டி வாங்கும் போர்தோ முறை தொடங்குபவர்களுக்குத் தேவையில்லை. காசு ஈராண்டு முடங்கும், இந்த விலை ஒயின்களில் மிச்சமாவதும் அபூர்வம்.

படி 6: வகைக்கு ஒன்று வேண்டவே வேண்டாம்

24 வகையில் ஒவ்வொன்று வாங்கினால், எதை எப்போது திறப்பது என்று கடைசிவரை தெரியாது. இப்படிப் பிரியுங்கள்: ஷினோன் 6, க்ரூ பூர்ஷ்வா 6, மோசெல் கபினெட் 6, க்ளிசோன் அல்லது கோர்ழ் 3, ரியோஹா ரிசர்வா 3. மொத்தம் சுமார் 400 யூரோ. ஒரே மூச்சில் வாங்க வேண்டியதில்லை, மாதம் ஒரு வகை என்று சேர்க்கலாம்.

ஆறு பாட்டிலில் முதலாவதை மூன்றாம் ஆண்டு திறங்கள், இரண்டாவதை ஐந்தாம் ஆண்டு, மூன்றாவதை ஏழாம் ஆண்டு. ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதிவையுங்கள். இடையில் ஒரு பாட்டில் வாசமும் இல்லாமல் பழமும் இல்லாமல் ஊமையாக இருக்கலாம். சிவப்பு ஒயின்கள் சில ஆண்டுகள் அப்படி மூடிக்கொள்வதுண்டு. மிச்சத்தைத் தொடாமல் இரண்டாண்டு விடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடித்தால் விஷயம் வேறு: அது தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற வேதிப்பொருள், அந்த ஒரு பாட்டிலின் கோளாறு. ஒன்றே ஒன்று வாங்கியிருந்தால் அந்த ஒயினையே தப்பாக எடைபோட்டிருப்பீர்கள்.

படி 7: வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

பாட்டிலை நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். நாலைந்து ஆண்டே ஆன ஒயின் கழுத்துக்குள் நிற்க வேண்டும். தோள்வரை இறங்கியிருந்தால் கசிந்திருக்கிறது. தக்கை பாட்டில் வாயைவிட மேலே எழும்பியிருந்தால் சூடு பட்டிருக்கிறது. கடை ஜன்னலில் வெயில் படும் பாட்டிலைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வீட்டில் தக்கை பாட்டில்களைப் படுக்கவைத்து, கழுத்தில் வாங்கிய தேதியும் திறக்க நினைக்கும் ஆண்டும் எழுதிய அட்டையை மாட்டுங்கள். திருகுமூடி பாட்டிலை நிற்கவும் வைக்கலாம்.

படி 8: திறக்கும் நாள்

பழைய சிவப்பு பாட்டிலை முந்தின நாளே எழுப்பி நிறுத்துங்கள், வண்டல் அடியில் இறங்க 24 மணி நேரமாவது வேண்டும். தக்கை நைந்திருக்கும், திருகை மெல்ல இறக்கி நேராக இழுங்கள். பாட்டிலின் தோளுக்குப் பின்னால் கைபேசி டார்ச்சை வைத்து, ஒரு கண்ணாடிக் கூஜாவில் நிறுத்தாமல் மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். கருமையான துகள்கள் புகைபோல் கழுத்தை நோக்கி நகர்வது தெரிந்ததும் கையை நிறுத்துங்கள். அடியில் அரை கிளாஸ் மிஞ்சும், அதை விட்டுவிடலாம். மிகப் பழையதை மணிக்கணக்கில் ஆறவிடக் கூடாது, அதன் வாசம் சீக்கிரம் கலைந்துவிடும், ஊற்றிய ஒரு மணி நேரத்துக்குள் குடியுங்கள்.