சுகர் செயலியில் உள்ள கணக்கை டாக்டரிடம் காட்டுவது எப்படி?
போனை நீட்டி "எல்லாம் இதுல இருக்கு டாக்டர்" என்றால் பெரும்பாலும் பார்க்கமாட்டார்கள். செயலி மீது வெறுப்பில்லை. வெளியே கூட்டம் காத்திருக்கிறது. எந்த எண் சாப்பிடும் முன் எடுத்தது, எது பின் எடுத்தது என்பதும் அதில் பல நேரம் தெரிவதில்லை.

கடைசி 14 நாள் அளவுகளை மட்டும் ஒரே தாளில் அச்சிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'வெறும் வயிறு' அல்லது 'சாப்பிட்டு 2 மணி நேரம்' என்று குறிப்பு வேண்டும். 70-க்குக் கீழே போனவற்றை வட்டமிடுங்கள். இன்சுலினைக் கூட்டுமுன் டாக்டர் தேடுவது அதைத்தான்.

பேட்டரி மாற்றியதும் குளுக்கோமீட்டரின் (வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி) தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். மாலை 7 மணிக்கு எடுத்த 240, காலை 7 என்று பதிவானால், அதை நம்பி இரவு இன்சுலின் கூடும். விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும்.

செயலியில் நினைவூட்டல் மணி அடித்ததும் 'எடுத்தாச்சு' என்று அமுக்கிவிட்டு மாத்திரையை மறப்பவர்கள் நிறைய. விழுங்கிய பிறகே அமுக்குங்கள். தவறவிட்ட நாட்களைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். மறைத்தால், மருந்து போதவில்லை என்று டோஸ் ஏறும். ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வயிற்றைக் கலக்குகிறதென்றால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தர வழியுண்டு.